பன்னிரண்டு தேவதைகளுக்கு ஓர் இறப்புச் சான்று

முப்பது வருசம் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து ஓய்ந்தவன் நான். திண்டுக்கல்லைச் சுற்றி எங்கே கேமரா இறங்கினாலும் இடம் பிடிக்க, ஆள் பிடிக்க, அனுமதி வாங்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த முப்பது வருசத்தில் செய்த தப்புக்குக் கணக்கில்லை. மாப்பிள்ளை வேசக்காரரை முழு அலங்காரத்தோடு நிஜக் கல்யாண வீட்டில் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன். அவரும் இரண்டு பந்தி சாப்பிட்ட பிறகுதான் போன் போட்டார். அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற தப்பு. கொலை செய்தது ஒரே ஒரு தடவைதான். பன்னிரண்டு தேவதைகள். ஒரே அமுக்கு.

இந்த வேலைக்குப் புதுசாக வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, ஜெனரேட்டர் வண்டியை எங்கே நிறுத்துவது, காலை டிபனை எத்தனை மணிக்கு இறக்குவது என்பதெல்லாம் உங்களுக்கு நாலு நாளில் தானாக வந்துவிடும். அதை நான் சொல்லப்போவதில்லை. வசமாக மாட்டிக்கொண்ட நேரத்தில் வாயை எங்கே திறக்க வேண்டும், எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்குத்தான் பாடப் புத்தகம் கிடையாது. அதனால் இந்தக் கதை.

அது ஒரு குழந்தைகள் படம். அடிதடி இல்லை, குத்துப்பாட்டு இல்லை. ஊருக்குப் புதுசாகக் குடிவந்த ஒரு சின்னப் பிள்ளை, பேச ஆள் இல்லாமல் மாந்தோப்பில் போய் உட்காரும். அந்த மரத்தில் கட்டைவிரல் உயரத்துக்குப் பன்னிரண்டு தேவதைகள் குடியிருக்கும். பிள்ளை கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். தேவதைகளை எல்லாம் பிறகு சென்னையில் கம்ப்யூட்டரில் வரைந்துகொள்வார்கள். இங்கே நமக்கு வெறும் மரமும் பிள்ளையும்தான்.

பிள்ளையாக நடித்தது தாரணி. திண்டுக்கல்லிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. அம்மா வீட்டில் தையல் தைக்கிறவர். இயக்குநர் தம்பி முதல் நாளே நாற்பது பேரையும் நிற்க வைத்து ஒரு உத்தரவு போட்டார். "தேவதை இருக்குன்னு யாரும் சொல்ல வேணாம். இல்லேன்னு மட்டும் யாரும் சொல்லிறாதீங்க. அந்தப் புள்ள நம்பிப் பாத்தாத்தான் எனக்குப் படம்." யூனிட் அந்த உத்தரவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. லைட்மேன் அண்ணன் ஏணியை நகர்த்தும்போது கிளையைப் பார்த்து, "செத்த ஒதுங்கிக்கங்க தாயி" என்பார். சமையல்காரர் மத்தியானம் ஒரு வாழையிலைக் கிழிசலில் பன்னிரண்டு உருண்டை சோறு வைப்பார். "வெஞ்சனம் வைக்கலியா மாமா?" என்று தாரணி கேட்ட நாளிலிருந்து ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு துளி அவரைக்காய்ப் பொரியலும் சேர்ந்தது.

தோப்பு நத்தம் பக்கம். காய்ப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் காதர் பாய், பேகம்பூர்க்காரர், மாம்பழ வியாபாரி. கடைசிக் காட்சியில் கொத்துக் கொத்தாக மாங்காய் தொங்க வேண்டும் என்று இயக்குநர் கேட்டதால், மற்றதையெல்லாம் பறித்துவிட்டு நடுவில் ஆறு மரத்தை மட்டும் எங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார்.

"மேனேஜரே, கால்ஷீட்டு நடிகருக்குத்தான். மாங்காய்க்குக் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கெஞ்சிக் கூத்தாடிக் கொம்புல நிப்பாட்டுறேன். சனிக்கிழமை விடிஞ்சா என் ஆளுங்க ஏறிருவாங்க. அதுக்கு மேல விட்டா அம்புட்டும் கிளிக்கும் அணிலுக்கும்தான்" என்று சொல்லிவிட்டார். ஆறு மரமும் ஒரே நேரத்தில் பழுக்கிற மரம். ஒரு நாள் தவறினால் அந்த வருசம் அவருக்கு இல்லை. அந்தக் காட்சி தவறினால் எங்களுக்குப் படத்தின் முடிவே இல்லை.

இதில் என் திருவிளையாடல் எங்கே வந்தது என்றால், படத்தில் ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது. உயிருள்ளதைப் படத்தில் காட்டினால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். இப்போது எல்லாம் ஆன்லைன். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து நானே படிவத்தை நிரப்பினேன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிக்காதவன் காலியிடம் விட்டால் அதிகாரிக்கு இளக்காரமாகிவிடும் என்று எவனோ சொன்னதை நம்பி, முப்பது வருசமாக எந்தக் கட்டத்தையும் நான் காலியாக விட்டதில்லை. ஆடு, ஒன்று என்று போட்டேன். அடுத்த கட்டத்தில், 'இறக்கையுள்ள பிற உயிரினங்கள்: பெயர், எண்ணிக்கை' என்று கேட்டிருந்தது. கையில் கதைச் சுருக்கம் இருந்தது. அதைப் பார்த்து, தேவதை, பன்னிரண்டு என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். எனக்கு ஓணான்கூடக் கிடையாது. நானே ஓணானை வரைந்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை அனுமதி கொடுக்கிற அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள், போனேன். அங்கே இருந்த தங்கச்சி ரொம்ப மரியாதையானவர். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் கேட்டார்.

"அண்ணே, ஆட்டுக்குட்டிக்கு ஆரோக்கியச் சான்று வச்சிருக்கீங்க. தேவதைக்கு எங்க?"

"அது இல்லாத ஜீவன்ம்மா."

"இல்லாததை எதுக்குண்ணே எண்ணுனீங்க?"

"அடிச்சு விட்ரும்மா" என்றேன்.

"பேப்பரா இருந்தா அடிக்கலாம். கம்ப்யூட்டர்ல ஏறிருச்சே. எண்ணிக்கையக் குறைக்கணும்னா காரணம் கேக்குது பாருங்க. மூணுதான் இருக்கு. விடுவிப்பு, விற்பனை, இறப்பு."

"விடுவிப்புன்னா?"

"எந்தக் காட்டுல விட்டீங்கன்னு அங்க உள்ளவங்ககிட்டக் கடிதம் வேணும்."

"விற்பனை?"

"வாங்குனவரோட ஆதார் அட்டை."

"இறப்பு?"

"கால்நடை டாக்டர் வந்து பாத்துட்டு ஒரு வரி எழுதுனாப் போதும். ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். ஆட்டுக்குட்டியும் கடைசிக் காட்சியில் வருகிறது, அனுமதி இல்லாமல் கேமராவைத் திறக்க முடியாது. "இறப்பே போடும்மா" என்றேன். காரணம் என்று ஒரு கட்டம் வந்தது. எனக்குத்தான் கட்டம் காலியாக இருந்தால் பொறுக்காதே. வெளியே பார்த்தேன், தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. "வெயில்னு போடும்மா."

"ச்சோ" என்றார் அந்தத் தங்கச்சி, தன்னை மறந்து. பிறகு பொத்தானை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். கையெழுத்தும் போட்டேன். ஒரு நகலைக் கையில் கொடுத்தார்கள்.

அந்த நகலை நான் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். இல்லை, மடித்துச் சட்டைப்பைக்குள்ளாவது வைத்திருக்க வேண்டும். மறுநாள் வேலைப் பட்டியலோடு சேர்த்து அட்டையில் செருகி, தோப்பில் என் நாற்காலியில் வைத்துவிட்டு, தண்ணீர் லாரியை ஒதுக்கப் போனேன்.

தாரணி புதுசாக எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்த பிள்ளை. சிமெண்ட் மூட்டை, எண்ணெய் டின், வேன் கண்ணாடி என்று எதையும் விட மாட்டாள். நான் திரும்பி வரும்போது சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சுற்றி இருந்தவர்கள் யாருக்கும் என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"தே... வ... தை. எண்... ணிக்... கை பன்னெண்டு. நிலை, இ... றப்... பு. காரணம், வெ... யில்." நிமிர்ந்தாள். "மேனேஜர் மாமா, கீழ உங்க பேரு இருக்கு."

அழுதிருந்தால்கூட ஒரு ஐஸ்கிரீமில் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை. தலையில் வைத்திருந்த பூ வளையத்தைக் கழற்றி என் நாற்காலியில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "எங்க பொதைச்சீங்க?"

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இயக்குநர் தம்பி மண்டிபோட்டு உட்கார்ந்தார். "கண்ணு, அது ஆபீசுக்காகச் சும்மா எழுதுனது."

"ஆபீசுக்குப் பொய் எழுதலாமா?"

"இல்லடா, அது வந்து..."

"அப்ப நிசம்தான எழுதிருக்காரு."

காதர் பாய் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "பாப்பா, நேத்துக்கூட ரெண்டு பறந்துச்சே. பாய் பாத்தேனே."

"எந்த மரத்துல?"

"இந்தா, இதுல."

"என்ன கலர் சட்டை போட்டிருந்துச்சு?"

பாய் வியாபாரத்தில் எத்தனையோ பேரை மடக்கியவர். அந்தக் கேள்வியில் நின்றுவிட்டார். "யா அல்லா... எனக்குக் கண்ணுல புரை பாப்பா" என்று பின்வாங்கினார்.

"செத்துப்போனதப் பாத்து எப்படிச் சிரிக்கிறது?" என்றாள் தாரணி. கடைசிக் காட்சியே அவள் மேலே பார்த்துச் சிரிப்பதுதான். அன்றைக்கு வேலை அதோடு நின்றது.

சாயங்காலம் அவள் அம்மா போன் செய்தார். "சார், என்ன நடந்துச்சு அங்க? வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்னுட்டா. எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான உள்ள வரணும்னு கேட்டு, வாசல்ல நின்னு தண்ணி ஊத்தச் சொல்லிக் குளிச்சா. யாரு சார் செத்தது?"

"தெரிஞ்சவங்கதாம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தாரணி வந்தாள், சொன்ன சொல் தவறக் கூடாது என்று அம்மா கூட்டி வந்திருந்தார். மரத்தடியில் உட்கார்ந்தாள். வேசம் போட்டுக்கொள்ளவில்லை. கேமராக்காரர் நாலு மணி வெளிச்சம்தான் வேண்டும் என்றார், அதுவரைக்கும் நேரம் இருந்தது. தொப்பென்று ஒரு மாம்பழம் விழும். காதர் பாய் மார்பில் கை வைப்பார். பதினொரு மணிக்கு ஒரு பைக் வந்தது. வந்தவர் முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டே இறங்கினார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக் கால்நடை டாக்டர்.

"ஏனுங்க, இங்க பன்னெண்டு உருப்படி ஒரே நாள்ல செத்துப்போச்சுன்னு வந்துச்சுங்க. வெயில்னு எழுதிருக்கீங்க, எனக்கு நம்பிக்கை இல்லீங்க. எறக்கை உள்ளது பன்னெண்டு ஒண்ணாச் செத்தா அது நோயிங்க. நோய்னா இந்தத் தோப்புல இருந்து ஒரு பொருள் வெளிய போகக் கூடாதுங்க."

காதர் பாய்க்கு முகத்தில் ரத்தமே இல்லை. "பொருள்னா? மாங்காயுமா?"

"கூடையே போகக் கூடாதுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தேவதைன்னா புதுசா வந்த கோழி ரகமுங்களா?"

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். டாக்டரைத் தனியாகக் கூட்டிப்போய், ஐயா அதெல்லாம் கதை, கிடையவே கிடையாது என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் தாரணி எழுந்து வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுவிட்டாள். 'இல்லை' என்று சொன்னால் பிள்ளையின் முகம் போச்சு, படம் போச்சு. 'உயிரோடு இருக்கு' என்று சொன்னால் முதல் பொய்க்கு இரண்டாவது பொய் காவல். 'செத்துப்போச்சு' என்று நின்றால் பாயின் ஆறு மரம் போச்சு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருத்தர் தலையில் விழும். அப்போது ஒன்று தோன்றியது. தேவதையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. என்னைப் பற்றித் தெரியும். அதை மட்டும் சொல்லலாமே.

"டாக்டர், அந்தக் கையெழுத்து என்னோடது. நான் எதையும் பாக்கல. பாக்காமலே செத்துச்சுன்னு எழுதிட்டேன். தப்பு என்மேலதான்."

டாக்டருக்கு வந்த கோபம் இருக்கிறதே! "பாக்காம எழுதுனீங்களா? சாவை? ஏனுங்க, நானு இத்தனை வருச சர்வீசுல ஒடம்பைத் தொட்டுப் பாக்காம ஒரு எலிக்குக்கூட சாவு எழுதுனதில்லீங்க! எங்கீங்க ஒடம்பு?"

"இல்ல" என்றாள் தாரணி. "நானும் நேத்து தேடுனேன்."

"ஒண்ணுகூடவா இல்லை அம்மிணி?"

"ஒண்ணுகூட இல்ல."

டாக்டர் பையைத் தூக்கினார். "வா, காட்டு."

இரண்டு பேருமாகத் தோப்பைச் சுற்றினார்கள். நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து சருகை விலக்கிப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். வாழையிலையில் முந்தாநாள் வைத்த சோற்று உருண்டைகளைக் குச்சியால் கிளறினார். "தீனி யாரு வெக்கறது?"

"சமையல் மாமா. பன்னெண்டு உருண்டை வைப்பாரு."

"ஒன்பதுதான் கெடக்குது" என்றார் டாக்டர், ரொம்ப மும்முரமாக. "அப்ப தீனி எடுத்திருக்குது." காக்காயோ அணிலோ என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. பார்க்காததை எழுதாதவர் அல்லவா.

திரும்பி வந்து பைக் சீட்டின்மேல் காகிதத்தை வைத்து எழுதினார். தாரணி நுனிக்காலில் நின்று எழுத்துக் கூட்டினாள். "தோப்பு முழு... வதும் பார்த்தேன். இறந்த உடல் எதுவும் இல்லை. நோய் அறி... குறி இல்லை. தீவனம் உட்கொண்... டதற்கு அடையாளம் உள்ளது."

அரசாங்க முத்திரை விழுந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப சாகலையா?"

"செத்ததுக்கு ஆதாரம் இல்லை அம்மிணி."

"உசுரோட இருக்குன்னு எழுதுங்க."

"அதையும் பாக்காம எழுத மாட்டனே."

தாரணி யோசித்தாள். பெரிய மனுசி மாதிரி காதர் பாயின் காலி மாம்பழப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டாள். "அப்ப உக்காருங்க. நாலு மணிக்கு வரும். பாத்துட்டு எழுதுங்க."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு பசுவுக்குக் கன்று போடுகிற நேரம் வரவில்லை என்றால் தொழுவத்திலேயே உட்கார்ந்து காத்திருக்கிற ஜாதி அவர். போனை எடுத்து, "நானு இங்க ஒரு ஆய்வுல இருக்கறனுங்க, சாயங்காலம் ஆகும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் அந்த அலுவலகத்துத் தங்கச்சி கூப்பிட்டார். "அண்ணே, டாக்டர் போன்ல அனுப்புன தாளை ஏத்துனேன். இறப்பு இல்ல, நோய் இல்ல, தீனி எடுக்குதுன்னு இருக்கா, கம்ப்யூட்டர் அதையே ஆரோக்கியச் சான்றா எடுத்துக்கிச்சு. ஆட்டுக்குட்டிக்கும் சேத்து அனுமதி வந்துருச்சு." கொஞ்சம் தயங்கி, "பொழைச்சிருச்சுகளாண்ணே?" என்று கேட்டார். "நல்லா இருக்கும்மா" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். "டாக்டர் எழுதுனதுதாம்மா" என்றேன்.

என்னிடமிருந்து இதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால், பூதம் கறுப்பா சிவப்பா என்று வாதாடாதீர்கள். மண்வெட்டி என் கையில்தான் இருந்தது என்று ஒப்புக்கொள்ளுங்கள். நம் தொழிலில் பாதிச் சண்டை, யாருக்கும் தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரி பேசுவதால் வருகிறது. அன்றைக்குப் பிள்ளையையும் பாயையும் காப்பாற்றியது என் சாமர்த்தியம் இல்லை. பார்க்காததை எழுத மாட்டேன் என்று நின்ற ஒரு மனுசனின் பிடிவாதம். நான் செய்ததெல்லாம் அவர் வழியிலிருந்து ஒதுங்கிக்கொண்டதுதான்.

நாலு மணிக்கு வெளிச்சம் மஞ்சளாகச் சாய்ந்தது. காதர் பாய் ஜும்மா தொழுகை முடித்து, மறுநாள் ஏற வேண்டிய ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்து, தொரட்டிக் கம்புகளோடு பின்னால் நின்றார். தாரணி பூ வளையத்தை வைத்துக்கொண்டு ஆட்டுக்குட்டியைப் பிடித்தபடி மேலே பார்த்தாள். ஒரே டேக். சனிக்கிழமை விடியும்போது பாயின் ஆட்கள் மரத்தில் இருந்தார்கள். ஒரு கூடை தங்காமல் எல்லாம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைசியில் அந்தப் பிள்ளை மேலே பார்த்துச் சிரிக்கும். பிறகு சட்டென்று இடது பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறுமையிழந்த மாதிரி, கொஞ்சம் பாவப்படுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்து, கண்ணாலேயே மேலே காட்டிவிட்டு மறுபடி சிரிக்கும். அந்த இடத்தில்தான் எல்லாரும் அழுகிறார்கள். இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்காத ஆள் இல்லை. சென்னையில் வரைகிற பிள்ளைகளும் இடது பக்கம் யாரோ இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்து, கதையில் இல்லாத பதின்மூன்றாவது தேவதை ஒன்றை அங்கே வரைந்து வைத்துவிட்டார்கள்.

அங்கே இருந்தது டாக்டர். மாம்பழப் பெட்டியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து, கிளை கிளையாகத் தேடிக்கொண்டிருந்தார். கேமரா ஓடும்போது பேசக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அது என் வேலை, நான் மறந்துவிட்டேன். பிற்பாடு ஒலிப்பதிவில் அதை அழித்துவிட்டார்கள். ஆனால் அங்கே நின்ற நாற்பது பேருக்கும் காதில் விழுந்தது.

"அம்மிணி... எந்தக் கொம்புங்க?"